எசூர் வேதம்: வேதபுரியில் பிறந்த பிரெஞ்சு 'வேதம்'

எசூர் வேதம் என்பது 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களில் ஒருவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய உரையாடல் நூல். இந்துக்களைப் பல தெய்வ வழிபாட்டிலிருந்து ஒரே கடவுள் என்ற கொள்கைக்குக் கொண்டுவருவதே இதன் நோக்கம். புதுச்சேரியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற இதன் கைப்பிரதியைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் பைபிளுக்கும் முற்பட்ட இந்திய மறைநூல் என்று நம்பினார். அதையே கிறித்தவத் திருச்சபைக்கு எதிரான சான்றாகவும் பயன்படுத்தினார். நூல் வெளியானபின் அதன் பழமை கேள்விக்குள்ளானது. பிறகு, அதை எழுதியிருக்க வாய்ப்பில்லாத மதுரை ராபர்ட் தெ நோபிலியின்மீது 'வேதத்தைப் போலியாக எழுதியவர்' என்ற பழி விழுந்தது. அந்தப் பழி இன்றும் முழுமையாக நீங்கவில்லை.

ஒரு நூல் இரண்டு முறை தவறாக அடையாளம் காணப்பட்ட வரலாறு இது. இரண்டு முறையும் தவறியவர்கள் சாதாரண வாசகர்கள் அல்லர். ஒருவர் ஐரோப்பாவின் மிகக் கூர்மையான ஐயவாதி. மற்றவர் தமிழறிஞர் எல்லிஸ் துரை. நூலின் உண்மையான அடையாளத்துக்கான தடயங்கள் அதன் பக்கங்களிலேயே இருந்தன.

நூலின் அமைப்பு

நூல் எட்டுப் பகுதிகளைக் கொண்டது. முழுவதும் வியாசருக்கும் சுமந்துவுக்கும் இடையே நடக்கும் உரையாடல். வியாசர் கேட்கிறார், சுமந்து விடை சொல்கிறார். உலகம் எப்படி உண்டானது, முதல் மனிதன் யார், கடவுள் எத்தகையவர், வழிபாடு எப்படி அமைய வேண்டும் என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. வியாசர் தாம் அறிந்த புராணக் கதைகளைச் சொல்ல, சுமந்து அவற்றை ஒவ்வொன்றாக மறுக்கிறார். இத்தகைய கதைகளைப் பரப்பி மக்களை வழிதவறச் செய்ததாக வியாசரையே கடிந்துகொள்கிறார். இறுதியில் உருவமற்ற, ஆதியந்தமில்லாத ஒரே கடவுளை வணங்குவதே சரி என்ற முடிவு வருகிறது. இயேசுவின் பெயரோ மோசேயின் பெயரோ நூலில் இல்லை. நிலத்தை முதலில் உழுது வைப்போம், விதை பிறகு என்பதுதான் ஆசிரியரின் திட்டமாக இருந்திருக்க வேண்டும்.

இந்திய மரபை ஓரளவு அறிந்தவருக்கு இங்கே ஓர் உறுத்தல் ஏற்படும். மரபுப்படி சுமந்து வியாசரின் மாணவர். வியாசர் வேதத்தை நான்காக வகுத்தபோது ரிக் வேதத்தைப் பைலருக்கும், யஜுரை வைசம்பாயனருக்கும், சாமத்தை ஜைமினிக்கும், அதர்வத்தைச் சுமந்துவுக்கும் கற்பித்தார் என்பது புராணங்கள் சொல்லும் செய்தி. எசூர் வேதத்தில் மாணவர் ஆசிரியராகிவிட்டார், ஆசிரியர் திட்டு வாங்குகிறார். அதோடு, 'எசூர்' என்பது யஜுர் என்பதன் திரிபு. யஜுர் வேதத்தின் பெயர் கொண்ட நூலில் அதர்வ வேதத்துக்குரிய முனிவர் பேசுகிறார். ஒரு கிராமத்துப் புராணப் பிரசங்கியிடம் இந்தக் கைப்பிரதியைக் காட்டியிருந்தால் முதல் நாழிகையிலேயே விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் அது சென்ற இடத்தில் அப்படிப்பட்டவர் யாரும் இல்லை.

தமிழில் 'வேதம்'

இந்தக் குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழ்க் கிறித்தவ வழக்கில் 'வேதம்' என்பது நான்கு வேதங்களை மட்டும் குறிப்பதில்லை. பைபிள் வேதாகமம், கிறித்தவ மதம் சத்திய வேதம், மதம் மாறுவது வேதத்தில் சேருவது. வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காக எழுதிய நூலின் பெயர் வேதியர் ஒழுக்கம். லுத்தரன் சபையினருக்கு மறுப்பாக எழுதியது வேத விளக்கம். அவர் காலத்துத் தமிழருக்கு இந்தப் பெயர்களில் வியப்பில்லை. எந்த மதத்தின் மறையும் அதை ஏற்பவருக்கு வேதம்.

இந்த வழக்குக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் ராபர்ட் தெ நோபிலி. இத்தாலியரான அவர் 1606இல் மதுரைக்கு வந்தார். காவியுடை, மரக்கறி உணவு, தனிக்குடில் என்று துறவி வாழ்க்கையை ஏற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். தாம் கொண்டுவந்திருப்பது புது மதமன்று, இந்நாட்டில் மறைந்துபோன, வீடுபேற்றுக்கு வழிகாட்டும் வேதம் என்று அவர் போதித்தார். 'பறங்கி' என்று தம்மை அழைப்பதை மறுத்தார். அவருடைய முறையை அவர் சபையினரே எதிர்த்தார்கள். வழக்கு ரோமுக்குப் போனது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

தமிழில் பொதுப்பெயராகிவிட்ட இந்தச் சொல் பிரெஞ்சு மொழிக்குள் 'வேதம்' என்று மகர ஈற்றோடு அப்படியே சென்றது. அங்கே அதற்கு ஒரே பொருள்தான் இருந்தது: பிராமணர்கள் யாருக்கும் காட்டாமல் மறைத்து வைத்திருக்கும் பழைய நூல். தலைப்பில் 'வேதம்' என்று பார்த்த பாரிஸ் வாசகர் நினைத்ததும், அதே சொல்லைக் கேட்ட புதுச்சேரிக் கிறித்தவர் நினைத்ததும் வேறு வேறு.

வேதபுரியும் சம்பாக் கோவிலும்

புதுச்சேரிக்கு வேதபுரி என்ற பெயரும் உண்டு. அவ்வூர் ஈசனின் பெயர் வேதபுரீசுவரர். அருகிலுள்ள பாகூரில் ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பல்லவன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. எனவே இந்தப் பகுதிக்கும் வேதக் கல்விக்கும் உள்ள தொடர்பு வெறும் பெயரளவினது அல்ல.

பிரெஞ்சுக் காலத்தில் வேதபுரீசுவரர் கோவிலும் இயேசு சபையினரின் புனித பவுல் தேவாலயமும் அடுத்தடுத்து இருந்தன. 'சான் பவுலோ' என்பது மக்கள் வாயில் சம்பாக் கோவில் ஆனது. இயேசு சபையின் கர்நாடக மறைபரப்புப் பணிக்கு இதுவே தலைமையிடம். தெலுங்குப் பகுதிகளில் பணியாற்றிய குருக்களுக்கும் வங்காளத்துச் சந்திரநாகூரில் இருந்தவர்களுக்கும் கடிதப் போக்குவரத்து இங்கிருந்துதான் நடந்தது.

நோபிலி வழியைப் பின்பற்றிய இந்தக் குருக்களுக்குச் சபைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1703இல் ரோமின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல் இங்கிருந்தே ஓர் ஆணை வெளியிட்டு, கிறித்தவர்கள் பின்பற்றிவந்த பல உள்நாட்டு வழக்கங்களைத் தடைசெய்தார். மலபார் சடங்குகள் வழக்கு என்று அறியப்படும் இந்தச் சர்ச்சை 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையோடுதான் முடிந்தது. எசூர் வேதம் இந்தச் சர்ச்சைக் காலத்துச் சூழலின் விளைபொருள்.

அண்டைக் கோவிலோடு இருந்த உறவு வாதத்தோடு நிற்கவில்லை. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயத்தில் துப்ளேயின் ஆட்சியில் வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை மனம் நொந்து எழுதியிருக்கிறார். இடிப்பில் நேரடியாக ஈடுபட்டவராக அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவர் கேர்தூ என்ற இயேசு சபைக் குரு. இதே கேர்தூதான் பின்னாளில், 1767இல், சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பாரிஸ் அறிஞர்களுக்கு எழுதியவர். வில்லியம் ஜோன்ஸ் இதைச் சொல்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. இந்த இரண்டையும் ஒரே மனிதரிடம் பார்ப்பது எளிதாக இல்லை. எசூர் வேதத்தைப் படிக்கும்போதும் இந்த நெருடலை மறக்கக் கூடாது. அதன் ஆசிரியர் இந்து மரபைக் கற்றவர், அதன் முனிவர்களுக்குத் தம் நூலில் இடம் கொடுத்தவர். ஆனால் அந்த மரபு அழிய வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

ஏதென்சும் லீஸ்திராவும்

இந்த முறைக்கு இயேசு சபையினர் பைபிளில் முன்மாதிரி காண முடிந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பவுல் ஏதென்ஸ் நகருக்குச் செல்கிறார். அறியப்படாத தேவனுக்கென்று எழுதப்பட்ட பலிபீடம் ஒன்றைக் காண்கிறார். நீங்கள் அறியாமல் வணங்குபவரையே நான் உங்களுக்கு அறிவிக்கிறேன் என்ற பொருளில் அங்குள்ளவர்களிடம் பேசுகிறார். அவர்களுடைய கவிஞர்களின் வாக்கையும் எடுத்தாள்கிறார். கேட்பவரின் மரபுக்குள்ளிருந்தே பேச்சைத் தொடங்கும் இந்த உத்தியைத்தான் நோபிலி மதுரையில் கையாண்டார், எசூர் வேதத்தின் ஆசிரியர் வியாசர் வாயிலாகக் கையாண்டார்.

அதே நூலின் 14ஆம் அதிகாரத்தில் வேறொரு நிகழ்ச்சி இருக்கிறது. லீஸ்திரா என்ற ஊரில் பவுல் ஒரு முடவனை நடக்கச் செய்கிறார். மக்கள் திரண்டு, தேவர்கள் மனித உருவில் இறங்கி வந்துவிட்டார்கள் என்று ஆரவாரம் செய்கிறார்கள். பர்னபாவைச் சீயஸ் என்றும், பேசுபவர் பவுல் என்பதால் அவரை ஹெர்மஸ் என்றும் அழைக்கிறார்கள். பூசாரி மாலைகளோடும் எருதுகளோடும் பலியிட வந்துவிடுகிறார். இருவரும் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு, நாங்களும் உங்களைப் போன்ற மனிதர்களே என்று கதறுகிறார்கள். சில வசனங்கள் கழித்து, அந்த ஊரில் பவுலின்மீது கல்லெறிந்து, இறந்துவிட்டார் என்று எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப் போடுகிறார்கள்.

மக்தலேனா மரியாள் உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்ததும், எம்மாவு வழியில் இரு சீடர்கள் உடன் நடந்தவரை அடையாளம் காணாததும் பைபிளில் புகழ்பெற்ற அடையாளப் பிழைகள். அங்கே பிழை திருந்துகிறது, திருந்தியவர்கள் மகிழ்கிறார்கள். லீஸ்திராவில் நடந்தது வேறு. அங்கே மக்கள் எதைக் காண ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தார்களோ அதையே கண்டார்கள். எசூர் வேதத்துக்குப் பாரிஸில் நேர்ந்தது லீஸ்திராவில் நேர்ந்ததைப் போன்றது.

வால்டேர் கையில்

1760இல் இந்தியாவிலிருந்து திரும்பிய பிரெஞ்சு அதிகாரி மொதாவ், எசூர் வேதத்தின் கைப்பிரதி ஒன்றை வால்டேரிடம் கொடுத்தார். வால்டேர் அதைத் தனக்குக் கிடைத்த பெரும் புதையலாகக் கருதினார். 1761இல் அதைப் பாரிஸிலுள்ள அரச நூலகத்துக்கு அனுப்பிவைத்தார். அதே ஆண்டு வெளிவந்த தம் உலக வரலாற்று நூலின் புதிய பதிப்பில் அதைச் சான்றாகச் சேர்த்தார். தொடர்ந்து பல நூல்களில் அதை மேற்கோள் காட்டினார்.

அவர் தந்த தகவல்கள் வியப்பானவை. இந்த நூல் அலெக்சாந்தர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்டது என்றார். இதைப் பிரெஞ்சில் பெயர்த்தவர் ஸ்ரீரங்கம் கோவிலின் தலைமைப் பிராமணர் என்றும், அவர் பிரெஞ்சு மொழி அறிந்தவர், பிரெஞ்சுக் கம்பெனிக்கு உதவி செய்தவர், ஒழுக்கத்தில் சிறந்த முதியவர் என்றும் எழுதினார். அக்காலத்தில் ஸ்ரீரங்கம் கர்நாடகப் போர்களின் களமாக இருந்தது, அதன் பெயர் பிரெஞ்சு வாசகர்களுக்குப் பழக்கமானது. பிரெஞ்சு மொழியில் மறைநூல் பெயர்க்கும் ஸ்ரீரங்கத்துப் பட்டர் ஒருவரை இன்று கற்பனை செய்து பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அன்றைய பாரிஸில் அதை மறுக்க யாருக்கும் போதிய தகவல் இல்லை.

வால்டேருக்கு ஏன் இந்த நூல் தேவைப்பட்டது? பைபிள்தான் மனித வரலாற்றின் தொடக்கம், யூதர்களிடமிருந்தே ஒரே கடவுள் என்ற கருத்து உலகுக்குக் கிடைத்தது என்று திருச்சபை சொல்லிவந்தது. இதை உடைப்பதற்கு, மோசேக்கு முன்பே வேறொரு நாட்டில் தூய்மையான ஒரு கடவுள் வழிபாடு இருந்தது என்று காட்ட வேண்டும். எசூர் வேதம் அதைத் தந்தது. ஆதியில் எல்லோரும் ஒரே கடவுளை வணங்கினார்கள், பிறகு குருமார்கள் கதைகளைப் புகுத்திக் கெடுத்தார்கள் என்று சுமந்து சொல்வதும், வால்டேர் வாழ்நாள் முழுவதும் சொன்னதும் ஒன்றே.

நூலில் முதல் மனிதனின் பெயர் 'ஆதிமோ', அவன் மனைவி 'ப்ரொக்ருதி'. முதலாவது என்ற பொருள்தரும் 'ஆதிம' என்ற சமஸ்கிருதச் சொல்லும், 'பிரகிருதி' என்ற சொல்லும்தான் இவை. வால்டேர் இதைப் பிடித்துக்கொண்டார். பைபிளின் ஆதாம் என்ற பெயர் இந்தியரின் ஆதிமோவிலிருந்து வந்தது, இந்தியர்களே மூத்தவர்கள் என்று வாதிட்டார். உண்மையில் ஆதாமின் சாயலில் ஆதிமோவைப் படைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதே மிகுந்த வாய்ப்புள்ளது. மூலத்தை நகலென்றும் நகலை மூலமென்றும் வால்டேர் எடுத்துக்கொண்டார்.

அவர் இளமையில் பாரிஸின் லூயி-லெ-கிரான் கல்லூரியில் இயேசு சபையினரிடம் பயின்றவர். அந்தச் சபையினரின் வாதமுறை அவருக்கு அத்துப்படி. திருச்சபை புனிதம் என்று சொன்ன ஒவ்வொன்றையும் ஐயத்தோடு பார்த்தவர். அப்படிப்பட்டவர், இயேசு சபைக் குரு ஒருவர் எழுதிய ஞானோபதேசத்தைப் படித்து, இயேசு சபையினரை மறுக்க அதையே எடுத்துவந்தார். 1764இல் அந்தச் சபை பிரான்சில் தடைசெய்யப்பட்டது. 1773இல் பாப்பரசரே அதைக் கலைத்தார். அவர்களுடைய கைப்பிரதி ஒன்று அதே ஆண்டுகளில் பிரம்ம ஞானமாக மதிக்கப்பட்டுக் கொண்டிருந்தது.

இதைவிட வருத்தமான செய்தி ஒன்று உண்டு. எசூர் வேதம் அரச நூலகத்துக்குச் சேர்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உண்மையான வேதச் சுவடிகள் அங்கு போய்ச் சேர்ந்திருந்தன. அரச நூலகர் பினியோன், இந்திய நூல்களைத் திரட்டி அனுப்பும்படி இயேசு சபையினரைக் கேட்டிருந்தார். தெலுங்குப் பகுதியில் பணியாற்றிய ழான் கல்மெத் என்ற குரு 1730களின் தொடக்கத்தில் ரிக் வேதம் உள்ளிட்ட வேத நூல்களைத் தேடிப்பெற்றுப் புதுச்சேரி வழியாக அனுப்பினார். தென்னிந்திய எழுத்துகளில் இருந்த அவற்றைப் பாரிஸில் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஒரே கட்டடத்தில் உண்மையான வேதம் தூசி படிந்து கிடந்தது. பிரெஞ்சில் எளிதாகப் படிக்க முடிந்த போலி புகழ்பெற்றது. வேதங்களைப் பற்றி நம்பகமான விரிவான கட்டுரை ஐரோப்பிய மொழியில் வந்தது 1805இல், கோல்புரூக் கல்கத்தாவில் எழுதியபோதுதான்.

அச்சும் ஐயமும்

1778இல் சுவிட்சர்லாந்தின் இவெர்தோன் நகரில் சேன்த்-குருவா பிரபு எசூர் வேதத்தை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். வால்டேர் தந்த பிரதியை, கீழைத்தேய அறிஞர் ஆங்கெத்தில் துய்பெரோனிடம் இருந்த மற்றொரு பிரதியைக் கொண்டு நிறைவுசெய்தார். இது நான்கு வேதங்களில் ஒன்றல்ல, வேதத்துக்கு எழுதப்பட்ட பழைய விளக்கம் என்பது அவர் கருத்து. தலைப்பிலும் அப்படியே போட்டார். அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்தது. வால்டேர் 1778 மே மாதம் இறந்தார்.

நான்கு ஆண்டுகளில் முதல் அடி விழுந்தது. இந்தியாவில் பயணம் செய்த இயற்கையியலாளர் சொன்னேரா 1782இல் வெளியிட்ட பயண நூலில், இது வேதமே அல்ல, மசூலிப்பட்டினத்தில் இருந்த ஒரு மறைபரப்பாளர் எழுதிய தர்க்க நூல் என்று எழுதினார். ஊர்ப்பெயர் சரியோ இல்லையோ, நூலின் இயல்பை அவர் சரியாகக் கண்டுகொண்டார். இந்தியாவை நேரில் அறிந்தவர் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

எல்லிஸ் கண்டதும் தவறியதும்

புதுச்சேரியில் இயேசு சபையினர் விட்டுச்சென்றவை 1776க்குப் பிறகு பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் பொறுப்பில் இருந்தன. அங்கே இருந்த கைப்பிரதிகளைப் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் ஆராய்ந்தார். திருக்குறளுக்கு உரையும் மொழிபெயர்ப்பும் எழுதியவர், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே சொன்னவர் என்று தமிழுலகம் அறிந்த அதே எல்லிஸ் துரை. எசூர் வேதம் மட்டுமல்லாமல் அதே பாணியில் வேறு 'வேதங்களும்' அங்கே இருந்தன. சிலவற்றில் ஒரு பக்கம் ரோமன் எழுத்தில் சமஸ்கிருதம், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு. எல்லிஸ் 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். அவருடைய கட்டுரை 1822இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஆய்விதழ் 14ஆம் தொகுதியில் வெளிவந்தது.

கட்டுரையின் வலிமை உச்சரிப்பைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. கைப்பிரதிகளில் வியாசர் 'பியாஷ்', சுமந்து 'ஷுமொந்து'. வகரம் பகரமாகிறது, சகரம் ஷகரமாகிறது, அகரம் ஒகரமாகிறது. இது தமிழர் வாயிலோ தெலுங்கர் வாயிலோ வரும் சமஸ்கிருதம் அல்ல, வங்காளியின் உச்சரிப்பு. முன்னே பார்த்த 'ஆதிமோ', 'ப்ரொக்ருதி' இரண்டுக்கும் இதே விளக்கம் பொருந்தும். ஸ்ரீரங்கத்துப் பிராமணர் எவரும் பிரகிருதியைப் 'ப்ரொக்ருதி' என்று சொல்லியிருக்க மாட்டார். வால்டேரின் மொழிபெயர்ப்பாளர் கதை இந்த ஒரு ஒகரத்திலேயே உடைந்துவிடுகிறது. கேட்கத் தெரிந்த காது எல்லிஸுக்கு இருந்தது.

ஆனால் ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு வந்தபோது அவரும் சறுக்கினார். இந்த நூல்களை எழுதியவர் ராபர்ட் தெ நோபிலி என்று புதுச்சேரிக் கிறித்தவர்களில் பெரியவர்கள் நம்புவதாகக் கேட்டறிந்து, மூல ஆசிரியர் அவரே என்ற முடிவை ஏற்றார். நோபிலி மறைந்த வேதம் என்று போதித்தவர், பிராமணத் துறவிபோல் வாழ்ந்தவர். வேதம் எழுத வேண்டுமானால் அவர்தான் எழுதியிருப்பார் என்ற ஊர்ப்பேச்சு எல்லிஸுக்கும் பொருத்தமாகப் பட்டிருக்க வேண்டும்.

அவர் தந்த சான்றே அந்த முடிவுக்கு எதிராக நின்றது. நோபிலி வேலை செய்தது மதுரைப் பகுதியில், இறந்தது 1656இல் மயிலாப்பூரில். வங்காளத்தோடு அவருக்குத் தொடர்பில்லை. தமிழிலும் சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் எழுதிய இத்தாலியர் பிரெஞ்சில் உரையாடல் எழுதத் தேவையும் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேறியதே அவர் இறந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1674இல். ஓர் எழுத்தின் ஒலியை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தவர் இந்த ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்காதது விந்தைதான்.

நோபிலி மீதான பழி

எல்லிஸின் கட்டுரைக்குப் பிறகு இந்தக் கருத்து வேகமாகப் பரவியது. கத்தோலிக்கர்களின் ஏமாற்று வேலைக்கு எடுத்துக்காட்டாகச் சீர்திருத்தச் சபை எழுத்தாளர்கள் இதைச் சொன்னார்கள். பின்னர் மதமாற்றத்தை எதிர்த்த இந்து எழுத்தாளர்கள் அதே செய்தியை எடுத்துக்கொண்டார்கள். 'எசூர்' என்பதை 'யேசு' என்று படித்து, நோபிலி 'யேசுர் வேதம்' எழுதி ஐந்தாம் வேதம் என்று மதுரைப் பிராமணர்களிடம் காட்டினார் என்ற வடிவமும் உருவானது. இணையக் கட்டுரைகளில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

1861இல் மாக்ஸ் முல்லர் தம் மொழியியல் சொற்பொழிவுகளில் இதை எழுதியவர் நோபிலி அல்ல என்று சொன்னார். ஆனால் அவரால் மதம் மாறியவர் ஒருவர் எழுதியிருக்கலாம் என்று இன்னோர் ஊகத்தைச் சேர்த்தார். 1935இல் இயேசு சபையைச் சேர்ந்த கஸ்தே இந்தப் போலி வேதங்களைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதிப் புதுச்சேரியிலேயே அச்சிட்டார். 1984இல் சமஸ்கிருத அறிஞர் லூடோ ரோஷே கிடைத்த பிரதிகளையெல்லாம் ஒப்பிட்டு முழுப் பதிப்பு வெளியிட்டபிறகு இரண்டு விஷயங்கள் தெளிவாயின. எசூர் வேதம் முதலில் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது, எழுதியவர் 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயேசு சபையினர். ஆள் யார் என்று ரோஷே முடிவு சொல்லவில்லை. வங்காளத்தில் இருந்த பொன்ஸ், மொசாக் ஆகியோரின் பெயர்கள் பேசப்பட்டிருக்கின்றன. 2010இல் உர்ஸ் ஆப், உண்மையான வேதங்களைப் பாரிஸுக்கு அனுப்பிய ழான் கல்மெத்தே இதை எழுதியவர் என்று வாதிட்டார். அது சரியென்றால் அரச நூலகத்தில் கிடந்த உண்மைக்கும் போலிக்கும் மூலம் ஒரே மனிதர். வங்காள ஒலி வழக்கை இந்தக் கருத்தோடு பொருத்துவது சிரமம் என்பதால் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

இது மோசடியா என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். இந்து முனிவர்களின் பெயரில், வேதம் என்ற தலைப்பில், அவர்கள் சொல்லாததைச் சொல்லவைத்தது நேர்மையான செயலன்று. எந்தச் சபையின் மரபைச் சொன்னாலும் அது நியாயமாகாது. ஆனால் ஐரோப்பியரை ஏமாற்ற இது எழுதப்படவில்லை. எழுதியவர் மனத்தில் இருந்த வாசகர் இந்தியாவில் இருந்தார். சமஸ்கிருதத்திலோ உள்நாட்டு மொழியிலோ பெயர்த்தபிறகே அவர் கைக்குப் போயிருக்கும். ஏமாந்ததாக நாம் உறுதியாக அறிந்தவர்களோ ஐரோப்பியர்கள். பிரெஞ்சு வரைவைக் கையில் எடுத்தவர்கள் அதைத் தொன்மையான மறையாக ஆக்கிக்கொண்டார்கள்.

கேர்தூவின் நூல்

அதே புதுச்சேரிக் குருக்களின் தாள்களிலிருந்து இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. மறைபரப்புச் சபையைச் சேர்ந்த அபே துபுவா, இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய ஒரு பிரெஞ்சுக் கைப்பிரதியை ஆங்கிலேயக் கம்பெனிக்கு 2,000 வராகனுக்கு விற்றார். 1816இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்த நூல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அவர் பெயரிலேயே படிக்கப்பட்டது, கல்லூரிகளில் பாடமானது. 1987இல் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா மூர், லண்டனில் கிடைத்த 1777ஆம் ஆண்டுக் கைப்பிரதி ஒன்றைக் கொண்டு, அந்த நூலின் பெரும்பகுதிக்கு மூலம் கேர்தூ எழுதியது என்று நிறுவினார். 1748இல் வேதபுரீசுவரர் கோவிலுக்குள் நுழைந்ததாக ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய அந்தக் கேர்தூ. நூலின் அட்டையில் இன்றும் துபுவாவின் பெயர்தான் இருக்கிறது.